காணாததைக் கண்டதாகச் சொல்லும் மாமியும் கையெழுத்துக்குக் காத்திருக்கும் படிவமும்

கேள்வி: முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். மகள் தரம் 6. அடுத்த கிழமை பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். சம்மதப் படிவம் வீட்டில் கிடக்கிறது. "அந்த ஊசி போட்டால் பிள்ளைப்பேறு இராது, எங்கட சனத்தைக் குறைக்கிற வேலை" என்று போனில் வந்த ஒரு குரல் பதிவை என் கணவரின் தாய் நம்புகிறார். படிவத்தில் கை வைக்க விடமாட்டாராம். இரண்டு வருடத்துக்கு முதல் இதே ஊசி நாளில் ஒரு பிள்ளை விறாந்தையில் மயங்கி விழுந்தது உண்மைதான். மூத்தவனைக் கூட்டிவரப் போன நான் அங்கே நின்றேன். கொஞ்ச நேரத்தில் எழும்பிய பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் வந்தது. மாமியோ "வாயால நுரை தள்ளினதை என்ர கண்ணால கண்டனான்" என்கிறார். அன்று அவர் கண் ஒப்பரேசனுக்காக வவுனியாவில் நின்றவர்! குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் விளக்கக் கட்டுரை ஒன்றைப் போட்டு, "பொய்யைப் பரப்பாதேங்கோ" என்று எழுதினேன். மாமி குறூப்பை விட்டுப் போய்விட்டார், என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கனடாவில் இருக்கும் மச்சாளுக்கும் கோபம். கணவர் "அம்மா வேண்டாமெண்டால் விடு" என்கிறார். மாமி பொய் சொல்கிறாரா? அவர் மனதை மாற்ற வழி உண்டா? சொல்லாமல் கையெழுத்து வைத்து அனுப்பிவிடவா?

பதில்: அன்புச் சகோதரி,

மாமி பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது நடக்கவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஏனென்றால் இப்போது உங்கள் கோபம் முழுவதும் "கண்ணால கண்டனான்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

நடந்த சம்பவத்தை மனம் அப்படியே பதிந்து வைப்பதில்லை. நினைக்கும் ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற துண்டுகளைப் பொருத்தித் திரும்பக் கட்டுகிறது. பிறகு கேட்டவையும் அந்தக் கட்டுமானத்துக்குள் போய்விடும். 1974 இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இரு ஆய்வாளர்கள் 150 பேருக்கு ஒரு வாகன விபத்துப் படத்தைக் காட்டினார்கள். 50 பேரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும், இன்னொரு 50 பேரிடம் "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். மற்ற 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு கிழமை கழித்து எல்லோரிடமும் "உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?" என்று கேட்டபோது, "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் கண்டோம் என்றார்கள். "இடித்த" என்று கேட்டவர்களில் 7 பேர், வேகத்தைப் பற்றிக் கேட்கப்படாதவர்களில் 6 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேள்வியில் இருந்த ஒரு சொல் இவ்வளவு செய்யுமென்றால், பக்கத்து வீட்டார் நடித்துக் காட்டிச் சொன்ன கதையும், அழுகைக் குரலில் வந்த ஒரு பதிவும் இரண்டு வருடத்தில் எவ்வளவு செய்யும் என்று யோசியுங்கள்.

உங்கள் மாமிக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். வவுனியாவால் திரும்பி வந்தவருக்கு யாரோ கதை சொன்னார்கள். தனக்குத் தெரிந்த விறாந்தையில், தனக்குத் தெரிந்த பிள்ளை விழுவதை அவர் மனதில் பார்த்தார். அந்தப் படம் நின்றுவிட்டது, "இதைக் கேட்டேன்" என்ற குறிப்பு மட்டும் கழன்றுவிட்டது. ஒரு நினைவு எங்கிருந்து வந்தது என்ற தகவல்தான் வயதாக ஆக முதலில் தேய்கிறது, உள்ளடக்கம் அவ்வளவு தேய்வதில்லை. ஆகவே அவர் சத்தியம் செய்தாலும் அது நாடகம் அல்ல.

அதே நேரம் உங்களையும் கொஞ்சம் எச்சரிக்க வேண்டும். அன்று மாமி வவுனியாவில்தான் நின்றார் என்பதில் உங்களுக்குள்ள உறுதியும் ஒரு நினைவுதான். 1986 இல் சலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்று அமெரிக்க மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்து அதே மாணவர்களில் 44 பேரிடம் திரும்பக் கேட்டபோது 11 பேரின் பதில், முதல் எழுதியதோடு எந்த முக்கிய விடயத்திலும் பொருந்தவில்லை. பலர் மிகுந்த உறுதியோடுதான் சொன்னார்கள். உறுதி என்பது சரிக்குச் சான்று அல்ல. கிளினிக் கொப்பியில் ஒப்பரேசன் திகதி இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டுபோய் மாமியின் முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். நீங்கள் வெல்வீர்கள், படிவம் தோற்கும். அன்று அவர் எங்கே நின்றார் என்ற வழக்கை இன்றோடு கைவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் போட்ட கட்டுரை ஏன் வேலை செய்யவில்லை என்பது. திருத்தினால் ஆட்கள் இன்னும் பிடிவாதமாக நம்புவார்கள் என்று 2010 அளவில் ஓர் ஆய்வு சொன்னது, அது நிறையப் பேசவும் பட்டது. பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 52 விடயங்களில் சோதித்துப் பார்த்தபோது அந்த விளைவு அநேகமாகக் கிடைக்கவே இல்லை. எனவே திருத்தப் பயப்படத் தேவையில்லை. மாமியை விலகச் செய்தது கட்டுரை அல்ல, கூடப் போட்ட அந்த ஒரு வரி. மருமகள் எல்லாருக்கும் முன்னால் தன்னைப் பொய்காரி ஆக்கினாள் என்றுதான் அவருக்குப் பட்டது. மச்சாளின் கோபமும் அதுதான்.

இன்னொரு காரணம், கட்டுரை "அது பொய்" என்று மட்டும் சொன்னது. பிள்ளை ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். உளவியலில் பல தடவை செய்யப்பட்ட ஒரு பரிசோதனை உண்டு. ஒரு களஞ்சியத்தில் தீப்பிடித்த செய்தியைத் துண்டு துண்டாக வாசிக்கக் கொடுப்பார்கள். சிறிய அறை ஒன்றில் எண்ணெய்ப் பெயின்றும் காஸ் சிலிண்டர்களும் இருந்தன என்று முதலில் வரும். பிறகு "அது பிழையான தகவல், அந்த அறை வெறுமையாகத்தான் இருந்தது" என்று வரும். திருத்தத்தை வாசித்தோம் என்று நன்றாக நினைவு வைத்திருப்பவர்கள்கூட, "ஏன் இவ்வளவு கரும்புகை?" என்று கேட்டால் பெயின்றையும் காஸையும்தான் சொல்வார்கள். அதை எடுத்துவிட்டால் தீக்குக் காரணமே இல்லாமல் போகிறது. காரணம் இல்லாத கதையை மனம் தாங்காது. 1994 இல் ஹொலின் ஜோன்சன், கொலீன் சைஃபர்ட் இருவரும் செய்த ஆய்வில், யாரோ தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்ற மாற்றுக் காரணத்தைக் கொடுத்தபோதுதான் பழைய பிழையின் பிடி தளர்ந்தது.

மாமிக்கும் அந்த இடத்தில் வைக்க ஒரு காரணம் வேண்டும். அது வதந்தியைப்போலவே எளிமையாகவும் கண்ணால் பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இதோ காரணம்: பயத்தாலும் ஊசியின் வலியாலும் சில பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பு சடுதியாகக் குறையும், இரத்தக் குழாய்கள் விரியும், இரத்த அழுத்தம் விழும், மூளைக்குப் போகும் இரத்தம் சில விநாடிகளுக்குக் குறையும். முகம் வெளிறும், வேர்க்கும், கண் இருட்டும், விழுவார்கள். சிலருக்குக் கை கால் நாலைந்து தடவை வெட்டி இழுக்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது வலிப்புப்போலத் தெரியும். "நுரை" என்ற கதை இப்படியான ஒரு காட்சியில் இருந்து கிளம்பியிருக்கக் கூடும். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவார்கள். பதின்ம வயதில் எந்த ஊசிக்கும் இது வரும். ஊசியைக் கண்டவுடனேயே, குத்துவதற்கு முன்னமே விழும் பிள்ளைகளும் உண்டு. காலைச் சாப்பாடு இல்லாமல், வெயிலில், வரிசையில், முன்னால் நிற்கும் பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் வாய்ப்பு இன்னும் கூடும். மாமியிடம் இவ்வளவும் வேண்டாம். "அது பயத்தில வாற மயக்கம் மாமி. கோயில்ல வெறும் வயித்தோட நிண்டு விழுற பிள்ளையளைக் கண்டிருப்பியள்தானே, அதுதான் இதுவும்" என்றால் போதும். பிள்ளை விழுந்ததை நீங்கள் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கண்டதாகச் சொல்வதையும் மறுக்கவில்லை. காரணத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கிறீர்கள்.

பிள்ளைப்பேறு பற்றிய பயம் இதைவிட ஆழமானது. அதற்கு வேறு மரியாதை கொடுக்க வேண்டும். 2009 இற்குப் பிறகு வன்னியில் வாழும் ஒரு பெண் "எங்கட சனத்தைக் குறைக்கினம்" என்று பயப்படுவதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வராது. 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில், சரியான விளக்கமோ உண்மையான சம்மதமோ இல்லாமல் பெண்களுக்குத் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைத்ததாக முறைப்பாடுகள் எழுந்தன. அப்படிப்பட்ட கதைகள் உலாவிய மண்ணில் இந்தக் குரல் பதிவுக்கு வேர் பிடிக்க அதிக நேரம் எடுக்காது. இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கிளப்பிக் கடையை அடித்து நொறுக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக் கட்டி. ஒரே வதந்தி, இந்த நாட்டில் ஒவ்வொரு சனத்திடமும் மற்றவரைச் சந்தேகிக்கச் சொல்லி வருகிறது. மாமியிடம் இதைச் சொல்லலாம், ஆனால் அவரது பயத்தை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு.

கேட்பது என்றால் உண்மையிலேயே கேட்பது. முதலில் மன்னிப்பு: "மாமி, குறூப்பில எல்லாருக்கும் முன்னால அப்பிடி எழுதினது என்ர பிழை." அங்கே "ஆனால்" போட்டு நீட்ட வேண்டாம், அதோடு அன்றைய கதையை விடுங்கள். அடுத்த நாள், வீட்டில் வேறு ஆட்கள் இல்லாத நேரம், இருவரும் ஏதாவது கைவேலையில் இருக்கும்போது, "பேத்தியை நினைச்சுத்தானே பயப்பிடுறியள். எது கூடப் பயம் மாமி, பிள்ளை விழுந்ததோ, பிள்ளைப்பேறோ?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். குறுக்கே ஒரு திருத்தமும் வேண்டாம். அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒரு தடவை திரும்பச் சொல்லி, "அப்பிடித்தானே?" என்று கேட்டு, அவர் "ஓம்" என்ற பிறகுதான் உங்கள் முறை.

உங்கள் முறை வரும்போது வதந்தியில் தொடங்காதீர்கள். உண்மை முதலில், வதந்தி நடுவில் ஒரே ஒரு தடவை, அது எங்கே பிழை என்பது அடுத்து, கடைசியில் திரும்பவும் உண்மை. காரணம் இருக்கிறது. அடிக்கடி கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும் என்பது 1977 முதல் பல தடவை நிறுவப்பட்டது. மூன்று குறூப்பில் வந்த ஒரே பதிவு, மூன்று பேர் சொன்னதுபோல மனதில் நிற்கும். நீங்களும் அதையே பத்துத் தடவை மறுத்துச் சொன்னால், சில நாட்களில் "இல்லை" என்பது மறந்து மிச்சம் மட்டும் நிற்கக்கூடும், முதியவர்களுக்கு விசேடமாக. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"இது கர்ப்பப்பையைக் காப்பாத்திற ஊசி மாமி. அந்த இடத்தில புற்றுநோய் வந்தால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம், பிள்ளைப்பேறு அப்பதான் போறது. போனில வந்த கதை அதைத் தலைகீழாச் சொல்லுது. சொன்னவருக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை. எங்கட பிள்ளை நாளைக்குத் தாயாகவேணும் எண்டுதான் நானும் போடச் சொல்லுறன்."

மாமி காக்க விரும்புவதும் நீங்கள் காக்க விரும்புவதும் ஒன்றே என்பதுதான் இதில் உள்ள பலம். சண்டையின் நடுவில் அது இருவர் கண்ணுக்கும் தெரியாமல் போயிருந்தது. ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால்: இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் HPV என்ற வைரசில் இருந்து அதன் மேலுறைப் புரதம் மட்டும், உயிருள்ள வைரசும் இல்லை, ஹோர்மோனும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமா என்று கேட்டால்: 2017 முதல் கொழும்பு, காலி, கண்டி உட்பட நாடு முழுவதும் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் போடும் அதே ஊசி. பலன் கிடைத்ததா என்று கேட்டால்: இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசி வழங்கப்பட்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது என்று 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்காத கேள்விக்குப் பதில் குவிப்பது திணிப்பு.

யார் சொல்கிறார்கள் என்பது என்ன சொல்கிறார்கள் என்பதைவிடப் பெரிது. இந்த விடயத்தில் மாமிக்கு நீங்கள் இப்போது எதிர்க்கட்சி. உங்கள் கையில் உள்ள நல்ல சாட்சி, கோபமாக இருக்கும் அந்த மச்சாள்தான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தரம் 7 இல் பாடசாலையிலேயே இந்த ஊசி போடுகிறார்கள், 2016 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. முதலில் அவவோடு தனியாகக் கதைத்துச் சமாதானமாகுங்கள். அவவின் பிள்ளைகளுக்குப் போட்டதா என்று கேட்டு அறியுங்கள். போட்டிருந்தால், "அம்மா, என்ர பிள்ளையளுக்கும் போட்டது" என்று மகள் வாயால் வரும் ஒரு வரி, நீங்கள் அனுப்பும் எந்தக் கட்டுரையையும்விட எடை கூடியது. போடாவிட்டால் அவவை இழுக்க வேண்டாம். அடுத்த சாட்சி உங்கள் பகுதிக் குடும்பநல மாது. மகளை வயிற்றில் சுமந்த காலத்தில் இருந்து வீட்டுக்கு வந்து போனவவாக இருந்தால் மாமிக்குப் பழகிய முகம். வழமையான வீட்டுத் தரிசிப்பில் வந்து கொஞ்ச நேரம் இருந்து, மாமி கேட்பதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். கூட்டமாக அதிகாரிகளைக் கூட்டி வந்து நிறுத்துவது எங்கள் ஊர்களில் வேறு நினைவுகளைக் கிளப்பும். கணவரிடம் "அம்மாவை மாத்துங்கோ" என்று கேட்க வேண்டாம். "நீங்களும் பக்கத்தில இருங்கோ, நான் கதைக்கேக்க குறுக்க வராதேங்கோ" என்று கேட்டால் செய்வார்.

களவாகக் கையெழுத்து வைப்பதா? வேண்டாம். சம்மதம் கொடுக்கும் உரிமை பெற்றோருக்குத்தான், மாமி மறுத்தாலும் நீங்கள் வைக்கலாம். ஆனால் மறைத்துப் போட்டு, அடுத்த நாள் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால், அந்தக் காய்ச்சலும் அந்த ஒளிப்பும் சேர்ந்து வதந்திக்குப் புதிய சாட்சி ஆகிவிடும். கடைசிவரை அவர் இணங்காவிட்டால் நேரே சொல்லுங்கள்: "மாமி, நீங்கள் விரும்பேல்லை எண்டு தெரியும். நானும் அவரும் யோசிச்சுக் கையெழுத்து வைக்கிறம்." கணவர் பக்கத்தில் இருக்கும்போது. பாடசாலை நாளைத் தவறவிட்டாலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பிறகு போடுவிக்கலாம். ஆகவே அடுத்த கிழமைக்குள் முடியாவிட்டால் வீட்டை இரண்டாக்க வேண்டியதில்லை.

மகளிடம் முன்கூட்டியே கதைக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது அவளும் அந்தக் கதையைக் கேட்பாள். பொய் வரமுன் அதைப் பற்றிச் சொல்லி வைப்பது, வந்த பிறகு திருத்துவதைவிட இலகு. "ஆரும் பிள்ளை மயங்கினால் அது பயத்தில, கொஞ்சத்தில எழும்பிடும்" என்று சொல்லி அனுப்புங்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு விடாமல் வயிறாரச் சாப்பிடவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து அனுப்புங்கள். இருந்தபடியே ஊசி போட்டு, பிறகு 15 நிமிடம் எழும்பாமல் இருக்க வேண்டும். முன்பு எந்த ஊசிக்காவது மயங்கியிருந்தால், கடும் ஒவ்வாமை வந்திருந்தால், படிவத்திலும் எழுதி ஊசி போடுபவரிடமும் சொல்லுங்கள். அன்று நல்ல காய்ச்சல் என்றால் தள்ளிப் போடலாம்.

ஊசிக்கு முதல் நாள் மாமியிடம் ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்: ஒரு நாள், இரண்டு நாள் கை நோகும், குத்தின இடம் வீங்கலாம், இலேசாகக் காய்ச்சலும் தலையிடியும் வரலாம். முதலே சொன்னால் அது நீங்கள் சொன்னபடி நடந்ததாக இருக்கும். சொல்லாமல் விட்டால், பிள்ளை கையைத் தூக்க முடியாமல் வந்து நிற்கும் அந்த மாலையே "நான் அப்பவே சொன்னனான்" என்று ஆகும்.

இரண்டாவது ஊசி ஆறு மாதம் கழித்து. அதற்குள் அந்தக் குரல் பதிவு இன்னொரு தடவை சுற்றி வரும், இன்று சொன்ன விளக்கமும் மங்கியிருக்கும். திருத்தத்தின் பலன் கிழமைக்கணக்கில் தேய்வது வழமை, மாமி திரும்பவும் மனம் மாறிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. திகதியைக் கலண்டரில் குறித்து, அதற்கு இரண்டு கிழமை முன்பு அதே கதையை அதே ஒழுங்கில், அதே பொறுமையோடு திரும்பக் கதையுங்கள். அந்த நேரம் முதல் ஊசி போட்ட பேத்தி வீட்டுக்குள் ஓடித் திரிவாள். பேச்சை அவளில் இருந்தே தொடங்கலாம்.